8 கிராம் விண்கல் துண்டு: ஹட்டனில் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். சகாராவில் கிடைத்த கல், எல்3 வகை (எல் என்றால் இரும்பு குறைந்த தொகுதி), 8 கிராம். தபால் செலவோடு 12,500 ரூபா. ஒரு டீச்சர் சம்பளத்தில் அது பெரிய தொகை. இருந்தாலும் இன்னொரு தடவை வாங்குவேன்.

வாங்குகிறவர்கள் அந்த 3 என்ற எண்ணைக் கவனியுங்கள். 3 என்றால் கல் அதிகம் சூடுபட்டு மாறாதது; உள்ளே இருக்கும் கொண்ட்ரூல் எனப்படும் சின்னக் கல் மணிகள் தெளிவாகத் தெரியும். 6 என்றால், கல் உடைந்து வந்த தாய்ச் சிறுகோளுக்குள்ளேயே நெடுங்காலம் வெந்து, மணிகளின் ஓரம் மங்கிப்போயிருக்கும். விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள்.

10 மடங்கு லென்ஸில் பார்த்த ஒரு மாணவி, “டீச்சர், உள்ளுக்கு குரக்கன் கொட்டின மாதிரி இருக்கு” என்றாள். கொண்ட்ரூல் என்ற பெயரே தானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அது அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு மணியும் ஒரு காலத்தில் உருகிய துளி. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி உருவாகி முடியும் முன்பே, இளம் சூரியனைச் சுற்றியிருந்த தூசு 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி உருகியது. பிறகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஆறி, ஒலிவின், பைரொக்சீன் என்ற கனிமங்களின் படிகங்களாக இறுகியது. எனக்குத் தீராத வியப்பு சோடியம்தான். அந்தச் சூட்டில் அது ஆவியாகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 1940இல் இந்தியாவில் விழுந்த செமர்கோனா விண்கல்லின் மணிகளில், ஒலிவின் படிகத்தின் நடுவிலேயே சோடியம் இருப்பதை 2008இல் அளந்து காட்டினார்கள். அப்படியென்றால் துளிகள் தனித்தனியே சிதறிக் கிடக்கவில்லை. நெருக்கமாகத் திரண்டிருந்திருக்கின்றன; சுற்றியிருந்த வாயுவில் சோடியம் நிறைந்துவிட்டதால் மீதி வெளியேறவில்லை. மூடி போட்ட சட்டிக்குள் ஆவி நிற்பதுபோல. இதைக் கையில் கல்லோடு சொன்னபோது வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

குறை பொதியில். மெல்லிய பொலித்தீன் பையில் சுற்றி அனுப்பிவிட்டார்கள், ஈரம் உறிஞ்சும் பொட்டலம்கூட இல்லை. வந்தது ஜூன் மாதம், விடாத மழை. மூன்று வாரத்தில், மணிகளுக்கிடையே மின்னிய இரும்பு–நிக்கல் புள்ளிகளைச் சுற்றித் துரு. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. நுண்மையான எமரி தாளில் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தேன். தண்ணீர் மட்டும் படக்கூடாது. இப்போது இறுக மூடும் தேயிலை டின்னில், சப்பாத்துப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். இந்த ஒக்டோபர் மழையில் புதிதாகத் துரு இல்லை.