நாயைப் பிடிப்பதா, ஊசி போடுவதா?

திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் கட்டாக்காலி நாய்கள் கூடினால், “பிடிச்சுக்கொண்டு போங்கோ” என்பதுதான் முதல் பேச்சு. விசர்நாய்க்கடி நோய்க்கு அது அவ்வளவாக உதவாது. சாப்பாடு கிடைக்கும் இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடும், அவை தடுப்பூசி போடாதவையாகவும் இருக்கலாம்.

ஊசியின் கணக்கு வேறு. நோயுள்ள ஒரு நாய் சராசரியாக 2-க்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கடத்தும். சரி, பாதி நாய்களுக்குப் போட்டால் அது 1-க்கும் கீழே இறங்கி நோய் அடங்கிவிடும், அது போதுமே? போதாது. ஊசி போட்டவை சாகும், குட்டிகள் பிறக்கும், விகிதம் இறங்கிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70% நாய்களுக்குப் போடவேண்டும் என்கிறது. ஊசி போட்ட நாய்க்குச் சாயப் புள்ளி வைத்து, மறுநாள் தெருவில் எண்ணினால் விகிதம் தெரியும். உப்புவெளிக் கடற்கரை நாய்களைக் கையால் பிடிக்கத்தான் பெரும்பாடு!