இராமநாதபுரத்தில் ஒரு நாடக உடைக் கடை: வாடகைக்கு எடுப்போரும் தொழில் பழகுவோரும் அறிய வேண்டியவை

இராமநாதபுரம் நகரில் கோயில் திருவிழாக் குழுவினரும், கடலோரக் கத்தோலிக்கப் பங்குப் பேரவையினரும், பள்ளி ஆசிரியர்களும் தேடி வரும் ஒரு நாடக உடைக் கடையைப் பற்றிய மதிப்புரை இது. எங்கள் கல்லூரி விழாவுக்கு அங்கே உடை எடுத்தபோது வாடிக்கையாளராக அறிமுகமானேன். பிறகு, ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவியாக விடுமுறையில் அதே கடையில் தொழில் பழகி, அவர்களோடு மேடைகளுக்குப் பின்னாலும் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்த்திருக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் தொழில்முறை இசை நாடகத்தின் கலைஞர்கள் எல்லோரும் இங்கே வாடகைக்கு உடை எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தமாகி, சொந்தப் பெட்டியோடு வந்து, பெரும்பாலும் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். ஆகவே அவர்கள் இந்தக் கடைக்கு வருவது புது உடை தைக்கவும் பழையதைச் செப்பனிடவும்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் ஊர் இளைஞர்களே வேடம் கட்டும் நாடகக் குழுவினர், தவக்காலத்தையொட்டி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடத்தும் கத்தோலிக்க ஊர்க்காரர்கள், ஆண்டு விழா நடத்தும் பள்ளிகள் ஆகியோரே.

கடலோரத்தில் இந்தத் தொழிலுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசிய ஜரிகை, ஈரமும் உப்பும் கலந்த காற்று பட்டு விரைவிலேயே கறுத்துப்போகும். இரும்புக் கொக்கி துருவேறி, வெள்ளைத் துணியில் எளிதில் போகாத கறையை விட்டுவிடும். இதை நன்றாக அறிந்த கட்டிங் மாஸ்டர், பார்வையாளர்கள் தொலைவிலிருந்து பார்க்கும் கரைகளுக்கெல்லாம் உலோகப் பூச்சுள்ள பாலியஸ்டர் ஜரிகையையே வைக்கிறார். கொக்கிகள் எல்லாம் பித்தளை. பழைய ஜரிகையின் கனமும் மங்கிய ஒளியும் இதில் இல்லையே என்று வருந்தும் கலைஞர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனாலும், மண்டபத்திலும் தொண்டியிலும் கடலை ஒட்டிய மைதானத்தில் ஓர் இரவு முழுவதும் காற்று வாங்கும் உடைக்கு அவர் எடுத்த முடிவே சரியானது என்பது என் கருத்து. ஜரிகைக்குக் கேடு என்பதால் பெட்டிகளில் பாச்சை உருண்டை போடுவதில்லை. பூச்சிக்கு வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து வைக்கிறார்கள்.

தையலும் பாராட்டுக்குரியது. ஒல்லியான மாணவனும் பருமனான பெரியவரும் ஒரே அங்கியை அடுத்தடுத்து உடுத்தக்கூடும் என்பதால், பக்கத் தையலுக்குள் இரண்டு அங்குலத் துணியை மடித்து விட்டிருக்கிறார்கள். தலைவழியாக மாட்டும் உடை அநேகமாக இல்லை. முகத்தில் அரிதாரமும் தலையில் டோப்பாவும் வைத்த பிறகு உடுத்த வேண்டியவை என்பதால், எல்லாமே முன்னாலோ பின்னாலோ திறக்கும்படி தைக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் வரைபடம் வரையும்போது என் கவனத்துக்கு வராத செய்தி இது. இப்போது எந்த மேடை உடையைப் பார்த்தாலும், அது எங்கே திறக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்தக் கடையின் உண்மையான சிறப்பு, உடைப் பெட்டியோடு மேடைக்கு வரும் உதவியாளர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதித் தந்த வழியில் இன்றும் இப்பகுதியில் ஆடப்படும் வள்ளி திருமணத்தில், முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் (கிழவனாகவும்) வந்து, முடிவில் தன் உருவத்தில் காட்சி தர வேண்டும். ஆர்மோனியக்காரர் ஒரு பாட்டை நீட்டிப் பிடிக்கும் நேரத்துக்குள், தார்ப்பாய் கட்டிய மறைப்பில், மணல் தரையில், திரைக்கு இந்தப் பக்கம் கசியும் வெளிச்சத்தில் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும். உச்சிப்புளிப் பக்கம் ஓர் ஊரில் இளைஞர்கள் நடித்த இரவில், கடையின் மூத்த உதவியாளரான அக்கா ஒருவர் இதை நடத்திய முறையைப் பக்கத்திலிருந்து கண்டேன். விருத்தனின் வேட்டியை வேடன் உடைக்குள்ளேயே கட்டிவிட்டிருந்தார். அடுத்து வேண்டியவற்றை உடுத்தும் வரிசைப்படி, முதலில் எடுப்பது மேலே இருக்கும்படி ஒரு பாயில் அடுக்கியிருந்தார். ஒவ்வோர் உடையின் கழுத்துப்பட்டையிலும் உள்பக்கம் தடித்த நூலில் முடிச்சு இருந்தது: வேடனுக்கு ஒன்று, விருத்தனுக்கு இரண்டு, முருகனுக்கு மூன்று. "கண்ணால தேடாத பாப்பா, கையால தேடு" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த முடிச்சுகள் எதற்கென்று எனக்கு விளங்கியது. பிரிக்கும் ஓசை மேடை மைக்கில் விழும் என்பதால் வெல்க்ரோவை அவர் தொடுவதே இல்லை. அவசரமாகக் கழற்ற வேண்டியவற்றுக்கு டிச் பட்டன், குதித்தாலும் அவிழக் கூடாதவற்றுக்கு நாடா. உதவியாளருக்கான கட்டணம் தனி என்பதால் பல குழுக்கள் உடையை மட்டும் எடுத்துப் போய்விடுகின்றன. வேறு எதையாவது குறைத்துக்கொண்டு, உதவியாளரை அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வேன்.

அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்துக்குக் கொடுக்கும் உடைகளும் குறிப்பிடத்தக்கவை. அரசனாக இருந்தவன் சுடுகாடு காக்கும்போது உடுத்தும் வேட்டியைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து வெண்மையை நீக்கி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து நைய வைக்கிறார்கள். புதுத் துணியில் அழுக்கு பூசிய தோற்றம் அதில் சிறிதும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாஸ்காவுக்கான உரோமைப் படைவீரர் உடைகள் ஊருக்கு ஊர் ஓய்வின்றிப் போய்வருகின்றன. வெல்வெட் அங்கிகளுக்குள் கழற்றித் துவைக்கும்படி பருத்தி உள்துணி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நாட்களில் அதையே மாற்றாமல், வியர்வை நாற்றத்தோடு அடுத்த ஊருக்கு அனுப்பியதைக் கண்டேன். இன்னொருவர் உடலில் கிடந்த ஈரத்தை நடிகர் மீது போர்த்துவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. ஒவ்வோர் அங்கிக்கும் மாற்று உள்துணி ஒன்று தைத்து வைத்தால் இது தீர்ந்துவிடும். தகரப் பெட்டிகளின் அடியில் துரு பிடித்திருக்கிறது. பெண் கலைஞர்களுக்கான இரவிக்கைகள் ஒரு சில அளவுகளில் மட்டுமே இருப்பதால், ஊசி குத்தி ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. ஆண்களின் அங்கிகளில் காட்டிய அக்கறையை இவற்றிலும் காட்டலாமே என்று மாஸ்டரிடம் நேரிலேயே சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

தொழில் பழக வரும் மாணவர்களுக்குச் சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் தருகிறார்கள்; சம்பளம் இல்லை. முதல் சில நாட்களுக்கு இது பொருந்தலாம். விடிய விடிய மேடைக்குப் பின்னால் நின்று, காலையில் உடைகளை எண்ணி, நிழலில் உலர்த்தி, அறுந்த கொக்கிகளைத் தைத்துக் கொடுப்பவருக்கு ஊதியம் தராமல் இருப்பது எந்த வகையிலும் சரியாகாது. கற்றுத் தருவதில் மட்டும் அவர்கள் எதையும் ஒளிப்பதில்லை. வெல்வெட்டை முகப்புப் பக்கம் இஸ்திரி போடாமல் பின்பக்கம் ஆவி காட்டி நிமிர்த்துவது, மீசை ஒட்டிய பசையைத் தோல் உரியாமல் எடுப்பது, கிரீடத்தின் உட்பக்கம் பஞ்சு வைத்துத் தலைக்கேற்பப் பொருத்துவது என எதைக் கேட்டாலும் செய்தே காட்டினார்கள்.

பங்குனி தொடங்கி ஆடி வரை திருவிழாக்கள் நெருங்கி வருவதால், அந்த மாதங்களுக்கு உடை வேண்டுவோர் முன்கூட்டியே முன்பணம் கட்டிவிடுவது நல்லது. போகும்போது நடிகர்களின் மார்பு, இடுப்பு அளவுகளோடு தலைச் சுற்றளவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் நடிப்பதாக இருந்தால் பெண் உதவியாளர் வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு அங்கே இருப்பவர்கள் மிகச் சிலரே.