பூசணி ஸ்கோன்: முக்கோணமா, வட்டமா?

இலையுதிர் காலம் என்று ஒன்று வட இலங்கையில் எங்கள் வன்னிக்கு இல்லை. கனடாவில் மேப்பிள் இலை சிவக்கும் ஒக்டோபரில் நாங்கள் காலபோக நெல் விதைப்பில் நிற்போம், இரணைமடுக் குளத்துக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஆனாலும் ஐப்பசி மழை பிடித்த காலையில் சூடாக ஏதாவது வேண்டும் என்ற ஆசை எங்கும் ஒன்றுதான். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை ஒரு செய்முறை அனுப்பினாள். பிரிஸ்பேனில் இருக்கும் மச்சாள் இன்னொன்று அனுப்பினாள். இரண்டும் பூசணி ஸ்கோன், அதாவது ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரால் எழும்பும், சின்னப் பணிஸ் மாதிரியான ஒன்று. வேலியோரக் கொடியில் காய்த்த ஒரே பூசணிக்காயை இரண்டாக வகிர்ந்து, இரண்டையும் சுட்டுப் பார்த்தேன்.

தங்கையுடையது அமெரிக்க முறை. மாவை வட்டமாகத் தட்டி, முக்கோணத் துண்டுகளாக வெட்ட வேண்டும். கறுவா, வேர்க்கொம்பு, சாதிக்காய், கராம்பு எல்லாம் விழும். மேலே சீனிப்பாகு வேறு. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு நூறு கிராமுக்கு மேல் பட்டர். அதுவும் கட்டியாகக் குளிர்ந்த பட்டர். அதைச் சிறு துண்டுகளாக மாவில் பிசிறிவிட்டால், சூட்டில் அந்தத் துண்டுகள் உருகி, அவற்றிலிருக்கும் நீர் ஆவியாகி, ஸ்கோன் அடுக்கடுக்காக எழும்பும். தகரக் கூரைச் சமையலறையில் இது நடக்கிற காரியமா? மழை விட்டு வெயில் எறித்த பத்து நிமிடத்தில் பட்டர் என் விரல்களிலேயே உருகிவிட்டது. முதல் தட்டு, மொத்தமான பிஸ்கட்டாக வெளியே வந்தது. மறுமுறை பட்டரை உறையவைத்துத் துருவிப் போட்டேன், சரியாக வந்தது. ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு இத்தனை பாடா?

மச்சாளுடையது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து முறை. அங்கே இதைப் பிரபலமாக்கியவர் புளோரன்ஸ் பியெல்கே பீட்டர்சன். 1968 முதல் 1987 வரை அந்த மாநிலத்தின் முதல்வராக இருந்தவரின் மனைவி. தாமும் 1981 முதல் 1993 வரை செனட்டராக இருந்தவர். அரசியலைவிட ஸ்கோனுக்காகவே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் ஒரு மேசைக்கரண்டி பட்டர் போதும். அதை அரைக் கோப்பை சீனியுடன் குழைத்து, ஒரு முட்டை, ஒரு கோப்பை மசித்த பூசணி, இரண்டு கோப்பை செல்ஃப் ரெய்சிங் மா, அதாவது பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மா, சேர்க்க வேண்டும். (அந்த மா கிடைக்காவிட்டால் ஒரு கோப்பை சாதாரண மாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர்.) பட்டரைக் குழைப்பதால் அது இளகியிருந்தாலும் கவலையில்லை. குயின்ஸ்லாந்தும் வெக்கை நாடுதானே! தேநீர்க் கிளாஸைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டலாம். திருகாமல் நேரே அழுத்துங்கள், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரியும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை, தண்ணீர். அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் பேணியில் அடைத்து வரும் கெட்டிப் பூசணிக் களியை வைத்தே எழுதப்பட்டவை. நம் பூசணியைத் தண்ணீரில் அவித்தால் மா கஞ்சியாகிவிடும். ஆவியில் அவித்து, மசித்து, வெறும் தாச்சியில் ஐந்து நிமிடம் கிளறி, நன்றாக ஆறவிடுங்கள்.

வாசனையில் மட்டும் தங்கையின் பக்கம்தான் நான். மச்சாளின் ஸ்கோனில் வாசனைச் சரக்கே இல்லை. கறுவா விளைகிற நாட்டில் இருந்துகொண்டு அதை ஏன் விட வேண்டும்? ஒன்றைக் கவனியுங்கள்: வட அமெரிக்கக் கடைகளில் கறுவா என்று விற்பது பெரும்பாலும் கசியா என்ற காரமான பட்டை. நம்முடையது மென்மையானது. அவர்கள் சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். கராம்பு மட்டும் ஒரு சிட்டிகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பல்வலி மருந்து மணக்கும்.

அடுத்தது சூடு. ஸ்கோனுக்கு 220 பாகை செல்சியஸ் அளவில் கடும் சூடு, பதினைந்து நிமிடம். என் சிறிய மின் அவண் நன்றாகத்தான் வேலை செய்தது, மழையில் கரண்ட் நிற்கும் வரை. பாதியில் நின்றதில் ஒரு தட்டு உள்ளே களியாகவே கிடந்தது. அடுத்த தட்டை மாமி வாங்கிக்கொண்டார். வன்னியில் கரண்டே இல்லாத ஆண்டுகளில் பிறந்தநாள் கேக் சுட்ட கை அது. கனத்த சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து, தகர மூடியின் மேல் சிரட்டைக் கரித்தணலை அள்ளிப் போட்டார். கீழே தணல் குறைவு, மேலே கூட. அவணில் வராத பொன்னிறம் வந்தது, கூடவே இலேசான புகை மணமும்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது மச்சாளின் மா, தங்கையின் வாசனை, மாமியின் சட்டி. சீனிப்பாகை விட்டுவிட்டோம். மாமி ஸ்கோனைக் குறுக்கே பிளந்து உறைப்பான கட்டைச் சம்பலோடு சாப்பிடுகிறார். தங்கைக்கு இதை இன்னும் சொல்லவில்லை.