பிக் பிட்டா, ஆதிச்சநல்லூரா?

பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நெல்லைக்காரர்கள் ஒரு நாளை வேல்ஸின் பிக் பிட் சுரங்கத்துக்கு ஒதுக்குங்கள். 1980இல் மூடிய நிலக்கரிச் சுரங்கம். 1983 முதல் அருங்காட்சியகம். தலைக்கவசமும் விளக்கும் மாட்டி, கூண்டு லிஃப்டில் 90 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். அதற்கு முன் கைபேசி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பேட்டரியின் சிறு பொறிகூட மீத்தேன் வாயுவைப் பற்றவைத்துவிடலாம். வழிகாட்டிகள் நிலக்கரி வெட்டிய அனுபவசாலிகள். முட்டி வலிக்காரர்கள் மேலே தொழிலாளர்களின் குளியல் கூடத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆதிச்சநல்லூரில் எங்கும் இறங்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸிலேயே போய்விடலாம். 2023இல் திறந்த களக் காட்சியகத்தில் அகழாய்வுக் குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்ட இடத்திலேயே, நம் காலடியில் கிடக்கின்றன. ஆச்சி, தாத்தா, கைக்குழந்தை என எல்லோருக்கும் ஏற்றது. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இங்கே அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரே எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களைப் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அது எனக்குத் தீராத வருத்தம்.

பத்து வயதுப் பிள்ளைக்குச் சுரங்கம்தான் மறக்காது. என் மனம் ஆதிச்சநல்லூர்ப் பக்கம். அங்கே மண்வெட்டி பிடித்த உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். வேல்ஸ்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.