கேஷ் பேட்டரிக்குப் பில் போட்டுவிட்டு, அது இல்லாமலே ரெய்டு கார்டை மாட்டிக் கொடுத்தார்கள்: எச்சரிக்கை

ரெய்டு கார்டு (பல ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாக ஓட்டுகிற கார்டு) வாங்கி, மாட்டி செட்டப் செய்யும் வேலையையும் விற்றவரிடமே ஒப்படைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்குப் போனது இரண்டு மாதச் சம்பளம். கார்டு, அதற்கான பவர் மாட்யூல், மாட்டுகூலி, கடைசியில் டேட்டா மீட்டுத் தந்தவர்களுக்குக் கொடுத்தது, எல்லாம் சேர்த்து முழுசாக இரண்டு மாதச் சம்பளம். கடையின் பெயரை இங்கே போடவில்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சர்வர் உதிரிபாகங்கள் விற்கிற, ஆள் அனுப்பி மாட்டியும் தருகிற ஒரு கடை. அவ்வளவு தெரிந்தால் போதும். வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு வேலை வீடியோ எடிட்டிங். நான்கு 4 டிபி ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 5-இல் போட வேண்டும், அதுதான் தேவை. 12 டிபி இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா நிற்கும். மதர்போர்டில் வருகிற ரெய்டு எழுதும்போது மிகவும் மெதுவாக இருந்ததால் தனி கார்டு போடலாம் என்று முடிவு செய்தேன். மெகாரெய்டு 9361-8i என்ற மாடல், 1 ஜிபி கேஷ் (தற்காலிக மெமரி) உள்ளது, கூடவே கேஷ்வால்ட் பவர் மாட்யூல், தலைப்பில் சொன்ன கேஷ் பேட்டரி இதுதான். இதைத்தான் கேட்டேன், இப்படியே எழுதியும் கொடுத்தேன். பில்லிலும் கார்டு ஒரு வரி, கேஷ்வால்ட் ஒரு வரி, "இன்ஸ்டலேஷன் மற்றும் கான்ஃபிகரேஷன்" ஒரு வரி என்று தெளிவாக இருக்கிறது. கார்டுக்கு நேரே "புதியது" என்றும் போட்டிருக்கிறார்கள்.

அந்த மாட்யூல் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த மோசடியும் அதற்குள்தான் இருக்கிறது. ரெய்டு 5-இல் ஒரு சின்ன மாற்றத்தை எழுதுவதற்குக்கூடப் பழைய டேட்டாவைப் படித்து, பழைய பாரிட்டியைப் (டிஸ்க் செத்தால் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல்) படித்து, அப்புறம் இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு முறை எழுத நான்கு வேலை. அதனால்தான் அது மெதுவாகிறது. கார்டில் இருக்கும் 1 ஜிபி கேஷ் மெமரி இந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது. டேட்டா அந்த மெமரிக்கு வந்ததுமே "எழுதியாச்சு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிஸ்க்கில் எழுதும். இதற்கு ரைட் பேக் என்று பெயர். ஆனால் அது ரேம்தானே, கரண்ட் போனால் உள்ளே இருப்பது காலி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எழுதியாகிவிட்டது, டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. இந்த ஆபத்துக்குத்தான் கேஷ்வால்ட். ஒரு மெல்லிய ஒயரில் கார்டோடு இணைந்திருக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கும். கரண்ட் போன அடுத்த நொடி, மெமரியில் இருப்பதை, கரண்ட் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் மெமரிக்கு நகல் எடுத்து முடிக்கும்வரை கார்டை அதுதான் உயிரோடு வைத்திருக்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது கார்டு அந்த நகலிலிருந்து விட்ட வேலையை முடிக்கும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த மாட்யூல் இல்லையென்றாலோ கெட்டுப்போயிருந்தாலோ கார்டு தானாகவே ரைட் பேக்கை விட்டுவிட்டு ரைட் த்ரூவுக்கு இறங்கிவிடும். அதாவது, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் "எழுதியாச்சு" என்று சொல்லும். மெதுவாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது. கார்டு அந்த விஷயத்தில் யோக்கியமானது. அதைப் பொய் சொல்ல வைப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது: ஆல்வேஸ் ரைட் பேக். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே ஓடு என்று கட்டாயப்படுத்துகிற அமைப்பு.

சரி, நடந்ததற்கு வருகிறேன். வந்த டெக்னீஷியன் பேச்சிலும் வேலையிலும் குறை சொல்ல முடியாதவர். கையில் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை போட்டுக்கொண்டுதான் கேபினட்டைத் திறந்தார். கேபிளையெல்லாம் ஒழுங்காகக் கட்டினார். கன்ட்ரோல்-ஆர் அழுத்தி கார்டின் செட்டப் திரைக்குள் போய், நான்கு டிஸ்க்குகளையும் சேர்த்து வர்ச்சுவல் டிரைவ் உருவாக்கினார். விண்டோஸ் வந்ததும் பெரிய வீடியோ ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுக் காட்டினார். முன்பு தவழ்ந்துகொண்டிருந்தது சர்ரென்று ஏறியது. "பாத்தீங்களா சார், இதுதான் கேஷோட பவர். இனிமே நீங்க டேட்டாவைப் பத்திக் கவலையே பட வேண்டாம்" என்றார். கேஷ்வால்ட் வேலை செய்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் போட்டாச்சு சார், நானே செக் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மானிட்டரை என் பக்கம் திருப்பினார். திரையில் வர்ச்சுவல் டிரைவுக்கு நேரே "ஆப்டிமல்" என்று இருந்தது. முகத்தைப் பார்த்து, சிரித்தபடி, நானே செக் பண்ணிவிட்டேன் என்று சொன்னார். அந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பிரேக்கைக் கழற்றிவிட்டு வண்டியை இறக்கத்தில் விட்டு, "பாருங்கள் என்ன வேகம்" என்று காட்டியிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டரின் பவர் சப்ளை செத்தது. யுபிஎஸ் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையே போனால் யுபிஎஸ் என்ன செய்யும்? இது மாதிரி நேரத்துக்குத்தான் கேஷ்வால்டுக்குக் காசு கொடுத்திருந்தேன். வேறு பவர் சப்ளை போட்டு ஆன் செய்தால் கருப்புத் திரையில் கார்டின் செய்தி வந்து நின்றது: மெமரி அல்லது பேட்டரியில் கோளாறு கண்டறியப்பட்டது, அடாப்டர் மீண்டுவிட்டது, ஆனால் கேஷில் இருந்த டேட்டா போய்விட்டது, தொடர ஏதாவது ஒரு கீயை அழுத்தவும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். விண்டோஸ் வந்தது. டிரைவைத் திறந்தால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. கார்டோ அப்போதும் ஆப்டிமல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு டிஸ்க்கும் நலம், உள்ளே ஃபைல் சிஸ்டம் சிதறிப்போயிருந்தது. போனது கடைசிச் சில விநாடிகளின் டேட்டாதான், ஆனால் அந்த விநாடிகளில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது ஃபைல் சிஸ்டத்தின் அட்டவணை.

கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டில் கேஷ்வால்ட் ஒயர் சொருக வேண்டிய கனெக்டர் காலி. எதுவும் எப்போதும் சொருகப்பட்ட மாதிரியே இல்லை, பின்களுக்கு நடுவே பழைய தூசி. கார்டின் நிலையைக் காட்டும் ஸ்டோர்சிஎல்ஐ என்ற மென்பொருளில் கேஷ்வால்ட் நிலையைக் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வருகிறது. வர்ச்சுவல் டிரைவ் பட்டியலில் கேஷ் என்ற தலைப்பின் கீழே, ஆர் எழுத்துக்குப் பின்னால் டபிள்யூபி (ரைட் பேக்) என்று வர வேண்டிய இடத்தில் ஏடபிள்யூபி என்று இருந்தது. அந்த ஒற்றை "ஏ"தான் ஆல்வேஸ். கார்டுக்குள்ளேயே பதிவாகும் நிகழ்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டிரைவ் உருவாக்கிய அன்றைக்கே, அடுத்த சில வரிகளிலேயே, அதன் ரைட் பாலிசி (எழுதும் முறை) மாற்றப்பட்ட பதிவும் இருக்கிறது. ஆக, தெரியாமல் நடந்ததல்ல. முதலில் மெதுவாக ஓடியிருக்கிறது, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது, எனக்குத் தெரியக் கூடாது என்று "ஏ" போட்டிருக்கிறார். அதோடு முடிந்ததா? கார்டின் மேல் ஒட்டியிருந்த சீரியல் நம்பர் ஒன்று, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) காட்டுகிற சீரியல் நம்பர் வேறொன்று. தயாரிப்புத் தேதியில் 2014 என்று இருக்கிறது. "புதியது" என்று எழுதி, எந்த சர்வரிலிருந்தோ கழற்றிய பழைய கார்டை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர், "டிஸ்க் கம்பெனிக்கு எழுதுங்க சார், டிஸ்க் நாங்க கொடுத்ததில்ல" என்றார். டிஸ்க் நான்கும் நன்றாக இருக்கிறது என்றேன். "அப்ப விண்டோஸ் அப்டேட்டா இருக்கும்." கனெக்டர் காலியாக இருப்பதைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது வேறொருவர், நாக்கு கூசாமல், "அந்த மாடல்ல பேட்டரி ஹீட்சிங்க்குக்கு அடியில இருக்கும் சார், வெளிய தெரியாது" என்றார். ஹீட்சிங்க்குக்கு அடியில் இருப்பது ரெய்டு சிப். இதைச் சொன்னதும், டெக்னிக்கல் டீம் பேசும் என்று வைத்துவிட்டார். எந்த டீமும் பேசவில்லை. நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறார். மாட்டிக் கொடுத்த டெக்னீஷியன் இப்போது எங்களிடம் இல்லை என்றார்கள். கார்டுக்குத்தான் வாரண்டி, டேட்டாவுக்கு இல்லை என்றார்கள். யுபிஎஸ் நல்லதாக வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். இப்படியே தட்டிக்கழித்தார்கள்.

கடைசியில் முதலாளியைப் பிடித்தேன். அவர் சொன்னதுதான் உச்சம். "ரெய்டுங்கறது பேக்கப் இல்லையே சார். கம்ப்யூட்டர் வேலை பாக்கறவர் நீங்க, இது தெரியாதா?"

தெரியும். என்னிடம் பேக்கப் இருந்தது, அதனால்தான் பழைய வேலைகள் அத்தனையும் தப்பித்தன. போனது கடைசி பேக்கப்புக்குப் பிறகு செய்த வேலை. ஆனால் நான் கேட்ட கேள்வி அதுவல்ல. கேஷ்வால்ட் என்று ஒரு வரி போட்டுக் காசு வாங்கினீர்களே, அந்தப் பொருள் எங்கே? இதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரெய்டு பேக்கப் அல்ல என்பது உண்மைதான். அந்த உண்மையை, விற்காத பொருளுக்குக் காசு வாங்கியதை மூடி மறைக்கிற போர்வையாகப் பயன்படுத்துகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டேட்டா மீட்பவர்கள் பெரும்பாலான வீடியோக்களை எடுத்துக் கொடுத்தார்கள். ஃபைல் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, நம்பர் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள். எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல்களில் பாதி திறக்கவில்லை. அந்த உழைப்பை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. கையைவிட்டுப் போன காசு மட்டுமே இரண்டு மாதச் சம்பளம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன் கேபினட்டைத் திறக்கச் சொல்லி, கேஷ்வால்டோ பேட்டரியோ ஒயரோடு கார்டில் சொருகியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். திரையில் ஆப்டிமல் என்று இருப்பதைக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது டிஸ்க்குகளைப் பற்றிய தகவல், கேஷைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ரைட் பாலிசி எது என்று கேளுங்கள். ஆல்வேஸ் என்ற சொல் அதில் இருந்தால், ஏன் என்று எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கர் சீரியலையும் ஃபர்ம்வேர் சீரியலையும் ஒப்பிடுங்கள், ஒரு நிமிட வேலை. இந்தக் கார்டுகள் காற்றோட்டமுள்ள சர்வர் கேபினட்டுக்காகச் செய்யப்பட்டவை, சாதாரணக் கேபினட்டில் ஹீட்சிங்க்கின் மேல் காற்று படும்படி ஃபேன் வைக்கச் சொல்லுங்கள். அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று காலை கடையிலிருந்து போன் வந்தது. கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால் "செக் பண்ணிட்டு" கார்டுக்கான பணத்தில் கொஞ்சம் திருப்பித் தரலாமாம். கொடுக்க மாட்டேன். பாலிசி மாற்றிய பதிவு அந்தக் கார்டுக்குள்தான் இருக்கிறது. அதை அழிக்க ஒரே ஒரு கட்டளை போதும். உங்களுக்கும் இப்படி நடந்தால், நிகழ்வுப் பட்டியலை நகலெடுத்துப் பத்திரப்படுத்தாமல் கார்டை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.