மைக் பையைப் பிரிக்காமலே ‘காலிபரேஷன்’ செய்து 3,500 வாங்கினார்கள்

மதுரையில் ஹோம் தியேட்டர் வாங்கப்போகிறவர்கள், அதுவும் “வீட்டுக்கே வந்து செட் பண்ணித் தர்றோம்ணே” என்று சொல்லும் கடைக்குப் போகிறவர்கள், கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு கடை, அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழா ஆஃபரில் 5.1 செட் எடுத்தேன். ஏவி ரிசீவர் (எல்லாப் பெட்டிக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்), அஞ்சு ஸ்பீக்கர், 10 இஞ்ச் சப்ஊஃபர் (‘பேஸ்’ என்கிற தாழ்ந்த சத்தத்துக்கான தனிப்பெட்டி, சுருக்கமாகச் சப்). பில்லில் ‘ஆடியோ காலிபரேஷன் 3,500’ என்று தனி வரி, அதாவது அறைக்கு ஏற்றபடி சத்தத்தை அளந்து சரிசெய்யும் கூலி. திருநகர் வீட்டு மாடிக்கு ஒரு தம்பி வந்தார். சப்பை மூலையில் தள்ளினார், பின்னால் கையை விட்டு எதையோ திருகினார், ரிமோட்டில் ஏதோ தட்டினார், பென் டிரைவில் இருந்து ஒரு குண்டுவெடிப்பைப் போட்டார். ஜன்னல் கதவு கடகடத்தது. “எப்படிண்ணே, வீடே ஆடுதுல்ல?” ஆடியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். மொத்தம் 20 நிமிஷம்.

ராத்திரி பழைய பாட்டு போட்டேன். பேஸ் கிட்டார் எங்கெங்கோ நடந்து போகும் பாட்டு. எனக்குக் கேட்டதோ ஒரே ‘டொம்’. செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசினார், குரலும் டிவியில் இருந்து வராமல் மூலையில் இருந்து வந்தது. மறுநாள் கீழ்வீட்டு அக்கா, “தம்பி, எங்க பீரோக் கண்ணாடி கிடுகிடுங்குதுப்பா” என்றார்.

போன் செய்தேன். “பேஸ் வேணும்னுதானேண்ணே எல்லாரும் வாங்குறாக?” ரெண்டாவது தடவை வர 800 தனி. வந்தவர் சப்புக்குப் பின்னால் ஒரு சுவிட்சைத் தட்டினார். பேஸ் வற்றிப்போனது. “பாத்தீங்களா, சப்பு வீக்குண்ணே. 12 இஞ்ச் மாத்திருங்க, எக்ஸ்சேஞ்ச் போக 18,000.”

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டியது ஃபேஸ் சுவிட்ச், சப்பின் அசைவை நேராகவோ (0) தலைகீழாகவோ (180) மாற்றுவது. அது 180-இல் நின்றது. ஸ்பீக்கரும் சப்பும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளினால், ரெண்டும் சேரும் இடத்தில் ஒன்றின் சத்தத்தை இன்னொன்று அழித்துவிடும். 0-க்குத் தள்ளினேன், ‘வீக்’ சப் எழுந்து உட்கார்ந்தது.

ரிசீவர் மெனு இன்னும் கேவலம். கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தம் சப்புக்குப் போகவேண்டும் என்ற எல்லை) 150 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் அடிப்பகுதி மொத்தமும் சப்புக்குப் போயிருக்கிறது. சப் வால்யூம் முழுசு, போதாததற்கு ரிசீவரில் சப் லெவல் +10. பத்து டெசிபல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு பவர் தள்ளவேண்டும். திருவிழா மைக்செட் கட்டிப் பழகிய கை போல. அட்டைப்பெட்டியின் அடியில் ஆட்டோ செட்டப் மைக் கிடந்தது, ரிசீவர் தானே சத்தத்தை அளந்து சரிசெய்துகொள்ள அதோடு வரும் மைக். பிளாஸ்டிக் பையின் ஒட்டு கூடப் பிரியவில்லை.

நானே உட்கார்ந்தேன். சப்பை நான் உட்காரும் சோபா மேல் தூக்கி வைத்து, பேஸ் பாட்டை ஓடவிட்டு, அக்கா மகன் தரையில் தவழ்ந்து எங்கே தெளிவாகக் கேட்கிறது என்று தேடினான். அம்மா, “என்னடா, அங்கப்பிரதட்சணமா?” என்றார். மூலையில் இருந்து நாலடி தள்ளி ஒரு இடம் கிடைத்தது. அங்கே சப்பை வைத்தால் சோபாவில் அதே தெளிவு கேட்கும். பன்னிரண்டு அடி அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் தானாக எகிறும், மூலையில் இன்னும் மோசம். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பியே 41-இல் தொடங்குகிறது. ‘டொம்’ அங்கே பிறந்ததுதான்.

பிறகு சப் வால்யூம் பாதி, ஃபேனை நிறுத்தி, மைக்கைக் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப். வேர்த்து ஊற்றியது. கிராஸ்ஓவரை 80 ஆக்கினேன். சப்பின் சொந்த கிராஸ்ஓவர் குமிழ் கடைசியில் இருந்தது. ரிசீவர் பிரித்துக் கொடுப்பதால் அப்படித்தான் இருக்கவேண்டும். அதை மட்டும் சரியாக விட்டிருந்தார், தெரிந்தோ தெரியாமலோ.

இப்போது பாட்டுக்கு இந்த லெவல்தான். படத்தில் இடி, வெடிக்கென்று தனி டிராக் உண்டு, பாட்டு சிடியில் அது கிடையாது. அதனால் படம் போட்டால் மட்டும் ரிமோட்டில் சப்பை 3 டெசிபல் ஏற்றுகிறேன், முடிந்ததும் இறக்கிவிடுகிறேன். அக்காவின் பீரோ அமைதியாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால், அவர் மைக்கை எடுத்து மாட்டும்வரை போனில் ஜிபேயைத் திறக்காதீர்கள். மெனுவில் கிராஸ்ஓவர், சப் லெவல் ரெண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் ஆகாதுண்ணே.” பிரிக்காத மைக் பையை நான் பிரிப்பதற்கு முன் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து ஒன்பது நாள் ஆகிறது. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகாரும் பதிந்துவிட்டேன்.