இணையமே இல்லாத சர்வருக்கு எது சரி: பேக்கேஜா, டார் கோப்பா, கன்டெய்னரா?

வெளித்தொடர்பே இல்லாத லினக்ஸ் சர்வரில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அது சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சேவையாக ஓட வேண்டும், ரீபூட்டுக்குப் பிறகு தானே எழ வேண்டும். டார் கோப்பும் (பல கோப்புகளைக் கட்டிவைத்த ஒரே கோப்பு) கூடவே ஒரு ஸ்கிரிப்டும், டெப் (உபுண்டு வகை) அல்லது ஆர்பிஎம் (ரெட்ஹேட் வகை) பேக்கேஜ், மென்பொருளையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய கன்டெய்னர் இமேஜ் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் தடவை நிறுவும்போது மூன்றுமே சுலபமாகத்தான் தெரியும். அடுத்த பதிப்பு போகிற நாளில் என்ன ஆகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டார் கோப்பின் பலம், எல்லா டிஸ்ட்ரோவுக்கும் (உபுண்டு, ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வகைகளுக்கும்) ஒன்றே போதும் என்பது. ஆனால் உள்ளே இருப்பது ஸ்டாட்டிக் பைனரியாக, அதாவது தேவையான நூலகங்களைத் தன்னுள்ளேயே கொண்ட நிரலாக, இருந்தால் மட்டும். மற்ற பைனரிகள் கணினியில் உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை சி நூலகத்தை நம்பியிருக்கும். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, ரெட்ஹேட் 8-இல் இருப்பது 2.28. அப்படிப்பட்டதை முன்னதில் பில்ட் செய்து பின்னதில் ஓட்டினால், தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று பெரும்பாலும் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதனால் ஆதரிக்க வேண்டியவற்றில் மிகப் பழைய டிஸ்ட்ரோவில் பில்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டி அனுமதியைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தரும் தொல்லை தனி. ஹோம் டைரக்டரியில் பிரித்த பைனரியை அப்படியே நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும், சேவை 203 என்ற பிழை எண்ணோடு விழும். லேபிளைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஓட்டினால் சரியாகிவிடும், ஆனால் காரணம் பிடிபடுவதற்குள் பாதி நாள் போய்விடும். இதையெல்லாம் தாண்டினாலும், ஸ்கிரிப்ட் எந்தெந்தக் கோப்பை எங்கே போட்டது என்ற பதிவு கணினியில் எங்கும் இல்லை. நீக்குவதற்கும் பதிப்பை ஏற்றுவதற்கும் உரிய வேலையை நாமேதான் எழுத வேண்டும்.

பேக்கேஜ் இந்த வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆர்பிஎம்மில் கான்ஃபிக் கோப்பை நோரீப்ளேஸ் என்று குறித்துவிட்டால், நிர்வாகி திருத்திவைத்ததை மேம்படுத்தல் தொடாது, புதியதை ஆர்பிஎம்நியூ என்ற பெயரில் பக்கத்தில் வைக்கும். டெப்பில் எதை வைத்துக்கொள்ள என்று கேள்வி வரும். ஆள் இல்லாமல் ஓடும் நிறுவலென்றால் பழையதையே வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்பிஎம் என்றால், மென்பொருளுக்குத் தேவையான சார்புப் பேக்கேஜ்களை இணையமுள்ள ஒரு மெஷினில் டிஎன்எஃப் டவுன்லோட் கட்டளையால் இறக்கும்போது ரிசால்வ் என்ற ஆப்ஷனோடு ஆல்டெப்ஸும் கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் இறக்கும் மெஷினில் ஏற்கெனவே இருப்பவை விட்டுப்போகும். அப்புறம் கிரியேட்ரெப்போ கருவியால் ஒரு உள்ளூர் ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) ஆக்கிக் கொடுத்தால் போதும். டிஸ்ட்ரோவுக்கு ஒன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற குறை நியாயமானது. என்எஃப்பிஎம் போன்ற கருவி ஒரே விவரக் கோப்பிலிருந்து டெப், ஆர்பிஎம் இரண்டையும் தருவதால் அந்தச் சுமை இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது.

கன்டெய்னரில் ஜிலிப்சி கவலை இல்லை. சேவ் செய்த இமேஜைக் கொண்டுபோய் லோட் செய்தால் ஆயிற்று. ஆனால் கன்டெய்னரை ஓட்டும் டாக்கரோ பாட்மேனோ அங்கே முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே பேக்கேஜாக, அதன் சார்புகளோடு, எடுத்துப்போக வேண்டும், மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். பாட்மேன் 4.4 முதல், கன்டெய்னரை சிஸ்டம்டி சேவையாக ஓட்ட உதவும் குவாட்லெட் இருப்பதால் சிஸ்டம்டியோடு நன்றாகவே பொருந்துகிறது.

ஒற்றை ஸ்டாட்டிக் பைனரி, பலவகை டிஸ்ட்ரோக்கள் என்றால் டார் போதும். பல பாகங்கள் கொண்ட மென்பொருள், பாட்மேன் ஏற்கெனவே ஓடும் இடம் என்றால் கன்டெய்னர். மற்ற எல்லா இடத்திலும் என் தேர்வு பேக்கேஜ்தான். எதை எடுத்தாலும், நெட்வொர்க் அடாப்டரே இல்லாத புது விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) பழைய பதிப்பை நிறுவி, அதன்மேல் புதியதை ஏற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.